மாமா பேரில் கொடுத்த ரத்தம்

"ஹலோ... பயில்வானா? அக்காதான்டா. ... ஆமா, ஆமா, உங்க மாமாவோட ரிப்போர்ட் வந்துடுச்சு. ... இளிக்காதே. முழுசாக் கேளு."

எதிரே அவள் கணவர் ஆறிப்போன காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். முகத்தில் மட்டும் ஒரு நிம்மதி.

"சர்க்கரை இருக்கறவங்களுக்கு இதயம் திணறினாக்கூட சில சமயம் வெளியே தெரியாதாம். அதுக்குத்தான் டாக்டர் ரத்தத்துல பார்க்கச் சொன்னாரு. ஏதோ ஒரு புரதமாம், இதயம் திணறினா ஏறுமாம்... ஆமா, அதேதான். எக்கச்சக்கமா ஏறியிருக்கு. நான் தாளைக் கையில வச்சுக்கிட்டு அழறேன், இந்த மனுஷன் சிரிக்கிறாரு! 'அசடு, அது என் ரத்தமே இல்ல'ங்கறாரு. ... ஆமா, எல்லாத்தையும் கக்கிட்டாரு."

"... உதவியா? ஊசிக்குப் பயந்து அவரு ஒளிஞ்சுப்பாராம், நீ போய் அவரு பேர்ல கையை நீட்டுவியாம். ... தெரியும், தெரியும். உனக்கும் சர்க்கரைதான், ஆனா கண்ட்ரோல்ல இருக்கு. ரிப்போர்ட் சுத்தமா வரும், அக்கா வாயை மூடிக்குவா. ரெண்டு மேதாவிங்க சேர்ந்து போட்ட திட்டம், தூ!"

"... இரு. ஏன் இப்படி மூச்சு வாங்குது? ... ஆபீஸ் படியா? ரெண்டு மாடிக்கே பழைய பஸ் மாதிரி இரைக்கிறே, உனக்குப் பயில்வான்னு பேரு வேற! ... வெயிலா? படிக்கட்டுக்குள்ள என்னடா வெயில்?"

"... என்னது? மாமா தப்பிச்சாரான்னா கேக்கறே? அவருக்கு நாளைக்கே ஊசி குத்த வைக்கறேன், நானே கையை அமுக்கிப் பிடிச்சுக்கறேன். டேய் மக்கு... பேரு மாமாவோடது. ரத்தம் யாரோடது?"

கணவரின் கையில் கரண்டி நின்றுபோயிற்று. அவருக்கும் இப்போதுதான் உறைத்தது.

"... சீ, அழாதே. நெஞ்சு வலிக்குதா? ... நிஜமா இல்லையே? சரி. மேல ஏறாதே. படியிலேயே உட்காரு. ... ஓ, கால் வீங்கியிருக்கறதை இப்பத்தான் சொல்றியா? ஷூ சின்னதாயிடுச்சுன்னு போன வாரம் கதை விட்டியே! ... உட்கார்ந்துட்டியா? பக்கத்துல யாரையாவது கூப்பிட்டு வச்சுக்கோ. நாங்க இப்பவே வர்றோம். உங்க மாமா என் செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறாரு."

அவள் ரிப்போர்ட்டை மடித்துக் கைப்பையில் திணித்தாள்.

"... ஆமா, நேரா ஆஸ்பத்திரிதான். அங்க பேரு கேட்டா, மறுபடியும் மாமா பேரைச் சொல்லித் தொலைக்காதே. வைக்கறேன்."