நாக்குப் பக்கம்

எங்கள் வீட்டில் டீ போடுவது நான்தான், இன்ஸ்பெக்டர். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். பார்பரா எழுந்து வருவதற்குள் கோப்பை மேசையில் இருக்கும். தூளைக் கொதிக்கவிட்டு, பால் ஊற்றி, நன்றாக ஆற்றிக் கொடுப்பேன். அவளும் பல வருஷம் "நல்லாயிருக்கு" என்று சொல்லிக் குடித்தவள்தான்.

போன வருஷம் அவள் எஸ்டேட் தொழிற்சாலை ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே டீ ருசி பார்ப்பவன் யோகேந்திரன். வரிசையாகக் கோப்பைகளை வைத்து, கரண்டியால் ஒரு வாய் உஸ்ஸென்று உறிஞ்சித் துப்பிவிட்டு, இலை எந்தச் சரிவில் பறித்தது, அன்றைக்கு மழையா வெயிலா என்று சொல்லிவிடுவானாம். இதைச் சாப்பிடும்போது சொன்னாள். மறுநாளும் சொன்னாள். பிறகு ஒரு காலையில் என் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"தண்ணி ரொம்பக் கொதிச்சிருச்சுங்க. இலை வெந்துபோச்சு."

நான் கோபப்படவில்லை. அதைக் கொட்டிவிட்டு வேறு டீ போட்டேன்.

அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. மிளகாய் அரைத்த சம்பல் இல்லாமல் சோறு இறங்காதவள் சம்பலைத் தொடவில்லை. வெங்காயத்தை ஒதுக்கிவைத்தாள். கிறிஸ்துமஸுக்கு நான் வாங்கிக் கொடுத்த சென்ட் பாட்டில் திறக்கப்படவே இல்லை. பற்பசைகூட வேண்டாமாம். நான் பல் டாக்டர், என் மனைவி காலையில் உப்பால் பல் விளக்கினாள். கள்ள உறவு வைத்திருக்கிற பெண் சென்ட் பூசிக்கொள்வாள் என்பார்கள். நான் அவ்வளவு முட்டாள் இல்லை. வாசம் இன்னொருவன் சட்டையில் ஒட்டிவிடக் கூடாது என்று நினைக்கிறவள்தான் அதை நிறுத்துவாள். வெங்காய வாசம் யாருடைய மூக்குக்கு ஆகவில்லை என்று யோசித்தேன். வயிறு எரிந்தது. மலைக்குக் கீழே ரிங்லெட் ஊர் வரை காரை ஓட்டிப்போய்த் திரும்பியும் அடங்கவில்லை.

யோகேந்திரனை பிரிஞ்சாங் ஊரில் இருக்கும் என் கிளினிக்குக்கு அனுப்பியதும் பார்பராதான். இடது பக்கக் கீழ்க்கடைவாயில் ஈறு வீங்கியிருந்தது. கழுவிவிட்டு மாத்திரை கொடுத்திருந்தால் போதும். நான் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் ஞானப்பல்லை எடுக்கவேண்டும், ஒரே தடவையில் எடுத்துவிடலாம் என்றேன்.

"ரெண்டு பக்கமுமா டாக்டர்? இந்த வாய்தான் எனக்குச் சோறு போடுது லா."

"அதனாலதான் சொல்றேன். விட்டா நாளைக்கு நாக்குக்குக் கீழ சீழ் எறங்கிடும்."

பல் பிடுங்கப் பலம் தேவையில்லை, இன்ஸ்பெக்டர். வருகிறவர்கள் குறடைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். குறடுக்குக் கடைசியில்தான் வேலை. ஈறை விலக்கி, பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே நெம்பியைக் கொடுத்து மெல்லத் திருப்பி, பல் தானாக அசைந்து கொடுக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். கீழ்க்கடைவாய் என்றால் இன்னொரு விதியும் உண்டு. நாக்குப் பக்கம், ஈறுக்குச் சற்று அடியிலேயே, நாக்கின் உணர்ச்சியையும் ருசியையும் கொண்டுபோகும் நரம்பு ஓடுகிறது. எலும்பைத் துளைக்கும்போது அந்தப் பக்கம் ஒரு தட்டையான தகட்டை வைத்து அதை மறைத்துக்கொள்வேன். என் கையில் யாருக்கும் அந்த நரம்பு போனதில்லை.

ஊசி போடுவதற்கு முன்னால் அவன் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான்.

"டாக்டர், நான் சொன்னேன்னு பார்பராக்காகிட்ட சொல்லிடாதீங்க. அக்காவுக்கு ருசி பார்க்கக் கத்துக்குடுக்கறேன். காரம், சென்ட்டு எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னதே நான்தான். மேனேஜர் அந்த வேலைக்குச் சரின்னதும் உங்ககிட்ட சொல்லணும்னு இருக்காங்க. அருமையான நாக்கு லா அக்காவுக்கு."

இதை நீங்கள் தவறாக எழுதிவிடக் கூடாது. அவன் சொன்னதை நான் நம்பினேன். வேறு ஆளாக இருந்தால் அங்கேயே நிம்மதி அடைந்திருப்பான். எனக்கு முன்னைவிட அதிகமாக எரிந்தது. கள்ள உறவு என்றால் ஒருநாள் அலுத்துப்போகும், மன்னித்தும் இருப்பேன். ஆனால் பார்பராவின் ஒவ்வொரு பல்லும் எனக்குத் தெரியும். சொத்தையை அடைத்தவன் நான். அந்த வாய்க்குள் நான் பார்க்காத ஒன்றை இவன் பார்த்துவிட்டான்.

என் நர்ஸ் மோகனா அந்தத் தகட்டை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

"டாக்டர், நாக்குப் பக்கம்..."

"எனக்குத் தெரியும்மா."

போன வாரம் அவள் வேலையை விட்டபோதே உங்களிடம் வருவாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது உண்மை. கை நடுங்கவில்லை, வழுக்கவும் இல்லை. நிதானமாக இரண்டு பக்கமும் செய்தேன்.

மரத்த நாக்கு மரத்ததுதான். அவனுக்கு இன்னும் மூக்கு இருக்கிறது. தொண்டைப் பக்கம் கொஞ்சம் கசப்பு தெரிகிறதாம். அந்த வேலைக்கு அது காணாது. தன் விதி என்று நினைத்துக்கொண்டான், பாவம். இதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் பார்பரா அவனை விடவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக்கொண்டாள். அவன் முகர்ந்து பார்ப்பான், அவள் உறிஞ்சிப் பார்த்து அவனுக்குச் சொல்வாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாக்கு. வீட்டுக்கு வந்து அவனை நினைத்து அழுதாள். என் டீ ஆடைகட்டிக் கிடந்தது.

பார்பரா உள்ளே படுத்திருக்கிறாள். கன்னம் வீங்கியிருக்கிறது, பேசச் சொல்லாதீர்கள். அவளுக்கும் ஞானப்பல் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது; காட்டினேன், நம்பினாள். நேற்று இரண்டு பக்கமும் எடுத்தேன். மோகனா இல்லாததால் கருவிகளை நானே எடுத்துவைத்துக்கொண்டேன். தகட்டை எடுத்து வைக்கவில்லை. வலி தெரியவிடவில்லை. அவள் என் மனைவி.

இன்று காலை வழக்கம்போல டீ போட்டேன். சூடு ஆகாது என்று நன்றாக ஆற்றிக் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக முழுக் கோப்பையும் குடித்தாள். எப்படியிருக்கு என்று கேட்டேன். நல்லாயிருக்கு என்று தலையாட்டினாள், இன்ஸ்பெக்டர்.