பையோடு நட்ட எலுமிச்சை

எனக்கு வயது அறுபத்தேழு. ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். பேருந்துப் பணிமனைக்குப் பின்தெருவில், மாடி வீட்டில், மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். இந்த வழக்கில் பேசப்படும் நாற்றுப் பைகளைத் தயாரிக்கும் ஆலையின் முதலாளி என் மகளின் கணவர்.

“அப்பா, நீங்க யார் பக்கம்?” என்று நேற்று மகள் கேட்டாள். அவளுக்குச் சொல்லாத பதிலை இங்கே சொல்கிறேன்.

பழைய சாமான் கடைக்காரரும் தொடாத சிப்ஸ் உறைகளை உருக்கி, ஒரு தூளைக் கலந்து, மண்ணில் மக்கும் பை என்று மருமகன் விற்று வருகிறார். சென்ற கோடையில் எங்கள் மொட்டை மாடியில் ஒரு பையை வெயிலில் போட்டு, அது சருகாக நொறுங்கியதைக் காட்டினார். அதன் பிறகு அவரிடம் பை வாங்கி நாற்றுப் பண்ணை நடத்தும் ஓர் அம்மாள், ‘கிழிக்காமல் நடலாம்’ என்று பைமேல் அச்சிட்டிருந்ததை நம்பி, அப்படியே நடச் சொல்லி ஒரு தோட்டக்காரருக்கு எலுமிச்சைக் கன்றுகளை விற்றார். அதன் பிறகு கன்றுகள் வரிசை வரிசையாகக் காய்ந்தன. தோட்டக்காரர் புகார் கொடுக்க, மோசடி என்று அந்த அம்மாளைக் காவலில் வைத்தார்கள். நான் பார்க்கப் போனபோது, “செடிக்கு வாய் இருந்தா நான் ஏன் சார் இங்க உக்காந்திருக்கேன்?” என்றார்.

அதன் பிறகு தோட்டக்காரரின் அனுமதியுடன் ஒரு கன்றைத் தோண்டினேன். பைமேல் இருந்த எழுத்துகூட அழியவில்லை. உள்ளே வேர், பம்பரத்தில் சுற்றிய கயிறுபோல் சுற்றிக் கிடந்தது. அந்தத் தூள் வெயில் பட்டால்தான் வேலை செய்யும். மண்ணுக்குள் வெயில் ஏது? மாடியில் நொறுங்கியதும் மக்கியதாகாது. சாக்கட்டியைத் தூளாக்கினால் அது கரும்பலகைக்கு அடியில் சாக்கட்டித் தூளாகவேதான் கிடக்கும்.

இதை மருமகனிடம் சொன்னதும், நேற்று அவர் மகளுடன் வீட்டுக்கு வந்தார். மகள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“அந்தம்மா தண்ணி ஊத்தச் சொல்லிக் குடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா. உங்க பொண்ணு சோத்துல நீங்களே மண்ணை அள்ளிப் போடாதீங்க.”

“மண்ணுல போட்டா எல்லாம் மக்கிடும்னு சொன்னது நீங்கதானே, மாப்பிள்ளை?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பாவம் பார்த்து, தன் செலவிலேயே அந்தத் தோட்டத்தை நாளை உழுது கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மகள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் பின்னால் இறங்கினாள்.

நான் கண்டதையும் கேட்டதையும் தவிர இதில் எதுவும் இல்லை. படித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. கையொப்பத்துக்கு முன் ஒன்றை எழுதிக்கொள்ளக் கேட்கிறேன்: உழவு இயந்திரம் வருவதற்குள், எந்த வரிசையிலாவது ஒரு குழியைத் தோண்டி, பையைக் கிழித்து, வேரைப் பாருங்கள்.

(ஒப்பம்)