பறந்துபோன கொழுப்பைப் பிடித்துத் தந்த அம்மையாருக்கு

பாலைப் பகுத்துப் பார்த்த பேரறிவே! பகுத்ததை மறுபடியும் பகுக்கச் சொல்லி எங்கள் பகல் உணவைத் தள்ளிப்போட்ட பெருந்தகையே! பால் பரிசோதனைக் கூடத்தின் மூத்த ஆய்வாளரே! வணக்கம்.

இன்று ஓய்வுபெறும் தாங்கள் முப்பத்தோராண்டுப் பணியில் காட்டிய பொறுமையைப் போற்றவே கூடினோம். பொய் சொல்வானேன், பொறுமை தங்களிடம் இருந்ததில்லை, எங்களுக்குத்தான் தேவைப்பட்டது.

பாலின் கொழுப்பைப் பிரித்து, அதிலுள்ள அமிலங்களை ஆவியாகும் வடிவுக்கு மாற்றிக் கருவியில் செலுத்தினால், தாளில் ஒவ்வோர் அமிலமும் ஒரு முகடாக எழும். முதல் முகடு பியூட்டிரிக் அமிலம். பசும்பாலில் இருந்தே தீரும். சமையல் எண்ணெயில் தேடினாலும் கிடைக்காது. இந்த அரிச்சுவடியைக் கரைத்துக் குடித்த நாங்கள்தான், சென்ற ஆண்டு, ஆறு மாடு வைத்துப் பிழைக்கும் ஓர் அம்மாவின் பாலில் அந்த முகட்டைக் காணாமல், ‘எண்ணெய் கலந்த பால்’ என்று அறிக்கை தட்டச்சு செய்தோம். இயக்குநர் ஐயா பேனாவைத் திறந்துவிட்டார். கையெழுத்து விழுந்தால் அந்த அம்மாவின் உரிமம் போய்விடும்.

“என் மாடு என்ன செக்கா இழுக்குது, எண்ணெய் கறக்கறதுக்கு?” என்று அந்த அம்மா வாசலில் நின்று கேட்டார். பட்டம் பெற்ற நாங்கள் அறிக்கையில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருந்தோம்.

அந்நேரம் கூட்டம் முடிந்து உள்ளே வந்த தாங்கள் மூக்கைச் சுளித்தீர்கள்.

“லேபுக்குள்ள யாருய்யா ஆப்பிள் தின்னது?”

“யாரும் தின்னலை மேடம்!”

“அப்ப வாசனை எங்கேருந்து வருது? சாம்பிளை எவ்வளவு நேரம் காய வச்சீங்க?”

“ஒரு சொட்டு ஈரம் இல்லாம மேடம்!” என்றோம், பெருமை பொங்க.

ஆவியாகும் வடிவுக்கு மாறியிருந்த பியூட்டிரிக், நாங்கள் காய வைத்ததில் பழ வாசனையாகப் பறந்து எங்கள் மூக்கு வழியாகவே போய்க்கொண்டிருந்தது. மறுபடி செய்யச் சொன்னீர்கள்.

“உங்களுக்கு ரொம்பத்தான் கொழுப்பு!” என்று இயக்குநர் ஐயா சீறினார்.

“என் கொழுப்பு எங்கேயும் போகாது சார். அந்தம்மா பால்ல இருந்ததுதான் பறந்துடுச்சு.”

மூடிய குழாயில், உலர்த்தாமல் செய்தோம். முதல் முகடு எழுந்து நின்றது, நாங்கள் உட்கார்ந்துவிட்டோம். அறிக்கையைத் தம் கையாலேயே கிழித்தவர் இயக்குநர் ஐயா என்பதை, அவர் இப்போது மேடையில் அமர்ந்திருப்பதால், அழுத்தமாகப் பதிவு செய்கிறோம். அந்த அம்மாவோ, “இதை முதல்லயே மோந்து பாத்திருக்கலாமில்ல?” என்று கேட்டுவிட்டு, கறவைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

அம்மையீர்! நோய் நொடியின்றி நூறாண்டு வாழ்க! இதில் எங்கள் சுயநலமும் கலந்திருக்கிறது. பரிசோதித்தால் தெரிந்துவிடும், ஆகவே ஒப்புக்கொள்கிறோம். நாளை காலை பத்து மணிக்கு அடுத்த மாதிரி வருகிறது. தயவுசெய்து போனை எடுங்கள்.

கைகூப்பி,
பரிசோதனைக் கூடத்தார் அனைவரும்
(இயக்குநர் ஐயா உட்பட)