விளிம்பிலிருந்து ஒன்பது மில்லிமீட்டர்

எனக்குச் சத்தம் ஆகாது. டீயைக்கூட உறிஞ்சிக் குடிக்க மாட்டேன். ஆனால் நல்ல போல்ட் இணைப்பு ஒன்று உடைவதற்கு முன் போடும் முனகலை மட்டும் நாள் முழுக்கக் கேட்பேன். துளை கொஞ்சம் கொஞ்சமாக நீளும், தகடு முனகும், மேலே நிற்பவன் இறங்கிவிடலாம்.

எங்கள் பட்டறையில் ஃபைபர் தகடுகளால் தொங்குமேடை செய்கிறோம். பெரிய எண்ணெய்த் தொட்டிகளுக்குள் பெயின்ட் அடிப்பவர்கள் அதில்தான் நிற்பார்கள். தொட்டியின் வாய் சிறியது. மேடையைப் பிரித்து உள்ளே கொண்டுபோய் மாட்ட வேண்டும் என்பதால் பசை கிடையாது, போல்ட் மட்டும். துளை போடுவது நான். பத்து மில்லிமீட்டர் துளை என்றால் அதன் நடுவிலிருந்து விளிம்புக்கு முப்பது மில்லிமீட்டர் விட வேண்டும். குறைத்தால் முனகல் வராது. விளிம்பு ஒரே நொடியில் பிய்ந்துவிடும்.

சூப்பர்வைசர் என் தங்கையின் கணவர். டீ நேரத்தில் எல்லோர் முன்னாலும் சொல்வார்.

“மச்சான் போட்ட போல்ட்ட நம்பி ஏறுறதுக்கு முன்னாடி பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டு வந்துருங்கப்பா. பசை இல்லாத எதுவும் நிக்காது.”

ஆறு வருஷம் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் செய்தது அதற்காக இல்லை. தங்கையை அவர் கைநீட்டி அடித்தார். ஒரு தடவைதான், கல்யாணமான புதிதில். அவள் மறந்துவிட்டாள். அண்ணன்காரன் மறக்க முடியுமா?

சோதனை எந்திரத்தில் பதினோரு துண்டுகளை இழுத்து உடைத்துப் பார்த்து, ஒன்பது மில்லிமீட்டர் என்று முடிவு செய்தேன். மேடையைத் தாங்கும் தொங்குபட்டைகளில், அதுவும் ஒரு பக்கம் மட்டும். அகலமான வாஷர் போட்டு மறைத்தேன். துளை போட்டவன்தான் முதலில் ஏறி நிற்க வேண்டும் என்பது பட்டறை வழக்கம். பிறகு இரண்டு பெயின்டர்களும் கடைசியாகச் சூப்பர்வைசரும் சேர்ந்து ஏறிப் பார்ப்பார்கள். ஆகவே மேடை ஒருவரைத் தாங்க வேண்டும், மூன்று பேரைத் தாங்கக் கூடாது. பெயின்டர்கள் இருவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்கள் இல்லாமல் எடை போதவில்லை, அவ்வளவுதான்.

தொட்டிக்குள் பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் மேடையைத் தொங்கவிட்டோம். ஏணியில் ஏறி, அதில் நின்று, இறங்கி வந்தேன்.

“உயிரோட இருக்கீங்களா மச்சான்?” என்றார் மாப்பிள்ளை.

“நீங்களே ஏறிப் பாருங்க மாப்ள.”

நெட்டை பெயின்டர் முதலில் ஏறினார். பிறகு குண்டு பெயின்டர். கடைசியாக மாப்பிள்ளை கால் வைத்தார்.

முனகலே இல்லை. விளிம்பு பிய்ந்து மேடை ஒரு பக்கமாகக் கவிழ்ந்தது. மாப்பிள்ளை தலைகுப்புற விழுந்தார். மண்டை பிளந்து ரத்தம் என் செருப்பு வரை தெறித்தது. நெட்டையின் விலா எலும்பு சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. குண்டு பெயின்டருக்கு உயிர் இருந்தது. என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, தூக்கிவிடுங்க” என்றார். அவர் விரல்களைப் பிரித்துவிட்டு, உடைந்த பட்டையைத் தேடி எடுத்தேன். விளிம்பு சுத்தமாகப் பிய்ந்திருந்தது. துடைத்து அளந்துவிட்டுத் திரும்பியபோது அவரும் அசையவில்லை.

நேற்று லாக்கப்புக்குத் தங்கை வந்தாள்.

“எனக்காகவா செஞ்ச?”

“ஆமா.”

“நான் கேட்டேனா அண்ணா?”

எழுந்து போய்விட்டாள்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன் ஐயா. மூன்று பேரையும் கொன்றது நான்தான். ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். ‘பசை இல்லாத பலவீனமான இணைப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது ஆள் ஏறும்வரை அது அசையவில்லை. நான் கணக்குப் போட்ட எடையில்தான் விட்டது. அதை ஒத்துக்கொள்ள மாப்பிள்ளை இல்லையே என்பதுதான் எனக்கு வருத்தம்.