மோகனுக்கு வந்த இருபத்திமூன்று கடிதங்கள்

மூன்று மணிக்கு டீ வருவதற்குள் மெயில் வேலைகளை முடித்துவிடுவது என் வழக்கம், ஸ்ரீதேவி மேடம். விசாரணைக்காக நீங்கள் பார்க்கும் கம்ப்யூட்டர் பதிவில் அனுமதியை மாற்றியதாக இருக்கும் குணசீலன் நான்தான்.

நம் போர்வெல் கம்பெனியின் ஆப்பிரிக்க முகாமில் போனுக்கு டவர் கிடையாது. இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில் கம்பெனி மெயில் மட்டும் வரும். அதனால் வீட்டார் எழுதும் கடிதங்களை ஆளுக்கொரு ஃபோல்டரில் போடுவோம். எதை யார் பார்க்கலாம் என்று அனுமதி கொடுப்பது என் வேலை. என் மகன் மோகன்குமார் அங்கே மேனேஜர்.

சித்திரையில் என் மனைவி வசந்தாமணிக்கு ஈரலில் புற்று என்றார்கள். இரண்டு மாதம் தாங்கினால் பெரிது என்றார் டாக்டர்.

"மோகன வரச் சொல்லுங்க. அவன் மொகத்த ஒருக்காப் பாத்துட்டாப் போதுமுங்க" என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல நானே டைப் செய்து ஃபோல்டரில் போட்டேன். போட்ட கையோடு மோகனுக்கு இருந்த அனுமதியை எடுத்தேன். எடுத்துவிட்டால் அந்த ஃபோல்டரே கண்ணில் படாது. அம்மா எழுதவில்லை என்றுதான் நினைப்பான். மெயிலில் கேட்கவும் கேட்டான். "காட்டுல கடலக்கா புடுங்கறாங்க சாமி, அம்மாவுக்கு நேரமில்ல" என்று பதில் போட்டேன். சொந்தக்காரர்களிடம் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை என்றேன்.

தினமும் கேட்பாள். "ஏனுங்க, படிச்சுட்டானுங்களா?"

"படிச்சுட்டான். வாரேன்னு எழுதியிருக்கறான்."

அதைக் கேட்டால்தான் எழுந்து உட்கார்ந்து இரண்டு வாய் கஞ்சி குடிப்பாள். தலை சீவிவிடச் சொல்வாள். அடுத்த கடிதம் சொல்வாள். இருபத்திமூன்று ஆயிற்று.

ஆவணியில் போனாள். அன்று காலையே அனுமதியைத் திருப்பிக் கொடுத்தேன். எல்லாக் கடிதங்களையும் மோகன் ஒரே மூச்சில் படித்திருக்கிறான். கருமாதிக்கு வந்தவன், "ஏனுங்கப்பா இப்படிப் பண்ணுனீங்க?" என்று மட்டும் கேட்டான்.

அந்தக் காரணத்தை உங்களிடம் சொல்கிறேன். என் அப்பா அப்புசாமி எட்டு நாள் இழுத்துக்கொண்டு கிடந்தார். அக்கா வந்து வாயில் பால் ஊற்றினாள், மூச்சு அடங்கிவிட்டது. பிள்ளை முகத்துக்காகத்தான் உயிர் காத்திருக்கும். மோகனைப் பார்த்துவிட்டால் வசந்தாமணி போய்விடுவாள். அவள் இல்லாமல் எனக்கு இருக்கத் தெரியாது, மேடம்.

கடைசி மாதம் வலி பொறுக்காமல் முந்தானையைக் கடித்துக்கொண்டே கிடந்தாள். "என்னைய உட்ருங்க" என்றாள். அன்றைக்கும் வாரேன்னு எழுதியிருக்கிறான் என்றுதான் சொன்னேன்.

டாக்டர் சொன்னது இரண்டு மாதம். நான் ஐந்து மாதம் வாழவைத்தேன். பெற்ற மகன் வந்திருந்தால்கூட இந்த அளவு பார்த்துக்கொண்டிருக்க மாட்டான்.