ஓர் அளவு பெரிய ஷூ

ஷூ வாங்குவதென்றால் மாலையில் போய் வாங்குங்கள். பகலெல்லாம் நின்று நடந்த கால் மாலையில் சற்று உப்பியிருக்கும். காலையில் சரியாக இருந்த ஷூ அப்போது கடிக்கும். கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பில் நான் சொல்வது இதைத்தான். சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மாலையில்தான் வாங்குவார்கள்.

இந்த ஸ்டேஷனில் உங்கள் மேசைமேல் இருக்கும் இரண்டு ஜோடியும் நான் வாங்கிக் கொடுத்தவை. நீல நிறம் முதலில் வாங்கியது. சாம்பல் நிறம் பிறகு. அது ஏன் ஓர் அளவு பெரிது என்று கேட்டீர்கள். கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறேன்.

நான் உடற்கல்வி ஆசிரியன். கல்லூரியில் மற்றவர்களைப் பேராசிரியர் என்பார்கள், என்னை மாஸ்டர் என்பார்கள். இறந்தவர் வரலாற்றுத் துறை, நான் அவரைச் சார் என்பேன். வகுப்பில்லாத நேரம் என் அறைக்கு வந்துவிடுவார். பந்துகளும் வலைகளும் அடைந்து கிடக்கும் அறை அது. உயரம் தாண்டுகிறவர்கள் விழும் மெத்தையில் சாய்ந்துகொண்டு தேநீர் குடிப்பார்.

"இந்தக் காலேஜ்ல புத்தகத் தொல்லை இல்லாம உக்கார இடம் இது ஒண்ணுதான், மாஸ்டர்."

அதை நான் அன்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் அவர் காலை மடக்கியபோது, காலுறையின் விளிம்பு கணுக்காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, மூடவில்லை. அன்றே மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். இதயம் பலவீனமாகிவிட்டது, நல்லவேளை வந்தீர்கள் என்றார் மருத்துவர். மெதுவாக நடக்கலாம், ஓடக் கூடாது, படி ஏறுவதைக் குறைக்க வேண்டும். ஷூ இறுக ஆரம்பித்தால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம், உடனே வர வேண்டும். நான் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன்.

அண்ணி அழுதுவிட்டார். அவர் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். "நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டார், தம்பி. நீங்க சொன்னாதான் கேப்பார். இனி அவர் உங்க பொறுப்பு."

நீல ஷூவை வாங்கினேன். தினமும் காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்க வைத்தேன். முகத்தில் தெளிவு வந்தது. முதலில் அவரைக் காப்பாற்றியவன் நான். இதை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு துணை முதல்வர் பதவி காலியானது. பணி மூப்பில் என் முறை. ஆசிரியர் மன்றக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, விளையாட்டு சொல்லிக்கொடுப்பவரை ஆசிரியர் என்று கணக்கில் எடுக்கலாமா என்று கேட்டார். நான் சாரைப் பார்த்தேன். அவர் எழுந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். என் ஆராய்ச்சிக் கட்டுரையின் மொழியை அவர்தான் திருத்திக் கொடுத்தார். கருத்து, களப்பணி எல்லாம் என்னுடையவை. வாக்கியம் எனக்குச் சரியாக வராது. ஒரு விடுமுறை முழுவதும் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்தோம். நமக்குள் இருக்கட்டும் என்று சொன்னவரும் அவர்தான்.

"மாஸ்டரோட கட்டுரைய எழுதிக் கொடுத்ததே நான்தான்," என்றார் கூட்டத்தில். "அவர் சொந்தமா ஊதுறது விசில் மட்டும்தான்."

தத்துவத் துறைக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பதவி பொருளாதாரத் துறைக்குப் போனது. சாருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. ஒரு சிரிப்புக்காகச் சொன்னார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை வழக்கம்போல் வந்தார். பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்து நாடா கட்டினார்.

"என்ன மாஸ்டர், மூஞ்சி தொங்கிக் கிடக்கு? அது மீட்டிங்ல சும்மா சொன்னது. நமக்குள்ள என்ன இருக்கு?"

ஒன்றுமில்லை சார் என்றேன். உண்மையில் அப்போது ஒன்றும் இருக்கவில்லை.

அதன்பின் பயிற்சியைக் கூட்டினேன். அவசரப்படவில்லை, எந்தப் பயிற்சியாளனும் அவசரப்பட மாட்டான். நடை மெல்லோட்டமானது. மெல்லோட்டம் படிக்கட்டுக்கு வந்தது. டாக்டர் வேண்டாம் என்றாரே என்று ஒருமுறை கேட்டார். அது அப்போது, இப்போது உடம்பு தேறிவிட்டது என்றேன். யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்கிற மனிதர். என்னிடம் மட்டும் கேட்கவில்லை.

"மூச்சு முட்டுதே, மாஸ்டர்."

"முட்டணும் சார். முட்டினாதான் நெஞ்சு பலமாகும்."

பிறகு ஷூ இறுகுகிறது என்றார். மருத்துவர் சொன்னது அவருக்கும் நினைவிருந்தது. மழையில் நனைந்து சுருங்கியிருக்கும், வேறு வாங்கித் தருகிறேன் என்றேன். அன்று மாலை சாம்பல் நிற ஜோடியை வாங்கினேன். உள்ளே ஒட்டியிருந்த அளவுச் சீட்டைக் கடை வாசலிலேயே கிழித்துவிட்டேன். அடியிலும் அளவு அச்சாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அண்ணி இரண்டையும் கவிழ்த்துப் பார்த்திருக்கிறார்.

போட்டுப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளைபோல் சந்தோஷப்பட்டார். "இதுதான் ஷூ. மெத்தை மேல நடக்கிற மாதிரி இருக்கு."

கடைசி நாள் பாதிப் படியில் நின்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே என்னைப் பார்த்தார். உதட்டின் நிறம் எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. போதும் என்று நான் கையைக் காட்டியிருந்தால் இறங்கியிருப்பார். நான் விசிலை ஊதினேன். சொந்தமாக ஊதுவது அது ஒன்றுதானே. அவர் ஏறினார்.

விழுந்தபின் முறைப்படி மார்பை அழுத்தினேன். மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று ஆம்புலன்ஸில் வந்தவர் சொன்னார். நான் அதைப் பாடமாக நடத்துபவன்.

நான்தான் கொன்றேன். பெரிய ஷூவை வாங்கும்போதே இது எங்கே முடியும் என்று எனக்குத் தெரியும். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். பட்டம் பதவி என்று அலைகிறவன் இல்லை நான். என்னை யார் என்னவென்று கூப்பிட்டாலும் எனக்கு ஒன்றுதான்.

சவ அடக்கம் முடிந்த அன்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது அவர் ஷூவைப் பார்த்திருக்கவில்லை. "அவர் யாரையும் லேசுல ஒத்துக்க மாட்டார், தம்பி. ஆனா வீட்ல தினம் சொல்வார், எனக்கு வாய்ச்ச ஒரே நல்ல வாத்தியார் மாஸ்டர்தான்னு."

வீட்டில் சொல்லியிருக்கிறார். அதைக் கூட்டத்தில் சொல்லியிருக்கலாம்.