வைரக்கண்ணு அறிவிக்காத பேருந்து

வணிகர் சங்கத் தலைவர் செந்தில்குமார் அவர்களே, மனநல மறுவாழ்வு இல்லத்தின் மருத்துவர் ஜெயபாரதி அவர்களே, ஓட்டுநர்களே, நடத்துநர்களே, பூக்கடைப் பெண்களே, அடுத்த பேருந்தில் போய்க்கொள்ளலாம் என்று இந்த இரங்கல் கூட்டத்தில் நின்றுவிட்ட பயணிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். எனக்கு முன்னால் பேசியவர்கள் என்னைக் கருணைக் கடல் என்றார்கள். சிறையிலிருந்து வந்த மனநோயாளிக்கு இரக்கப்பட்டு வேலை கொடுத்த தாய் என்றார்கள். நான் யாருக்கும் இரக்கப்படவில்லை. இந்தப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பும் விளம்பரமும் வாசிக்கும் உரிமம் என் கணவருடையது. அவர் மறைந்தபின் என்னுடையது. எனக்கு ஓர் அறிவிப்பாளர் தேவைப்பட்டார். வந்தவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். ஒருவர் தேர்தல் கூட்டம் போல முழங்கினார். இன்னொருவர் பாதியில் கொட்டாவி விட்டார். வைரக்கண்ணு மட்டும் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"இந்த பஸ்ஸு வந்துருச்சாம்மா?"

"வாசிக்கத்தானே சொன்னேன்?"

"வராத பஸ்ஸ வந்துருச்சுன்னு எப்படிம்மா சொல்றது?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் வேலை கொடுத்தேன். கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர்கள் சொல்லித்தந்ததில் இன்னும் எனக்குள் நிற்பது ஒன்றுதான்: உறுதியாகத் தெரியாததைச் சத்தமாகச் சொல்லாதே.

அவர் யார் என்பதை மறைத்துவிட்டு அழ எனக்கு விருப்பமில்லை. நோயின் உச்சத்தில், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த சொந்த அண்ணனை மண்வெட்டியால் வெட்டியவர். அண்ணன் பிழைக்கவில்லை. அங்கே இல்லாத ஒரு குரல் சொன்னதை நம்பிச் செய்தார். தண்டனையை அனுபவித்தார். சிறையிலேயே சிகிச்சை தொடங்கியது. பிறகு டாக்டர் ஜெயபாரதியின் இல்லம். இதையெல்லாம் டாக்டர் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "ஆமாம்மா, அது நான்தான்" என்றார் வைரக்கண்ணு.

அவருடைய வேலை முறை உங்களுக்குத் தெரியும். பேருந்து உள்ளே திரும்பியதும் பார்ப்பார். பார்த்தால் போதாது. எதிரே டீக்கடையில் நிற்கும் மீரா சாகிப் பாயைப் பார்ப்பார். பாய் கையைத் தூக்கினால்தான் மைக்கைத் திறப்பார். இதை வைத்து எத்தனை கேலி!

"என்னய்யா, பேருல மட்டும்தான் கண்ணா? பஸ்ஸு மூக்குக்கு முன்னாடி நிக்கிது!"

"நிக்கிதுங்க. பாயும் பாத்துரட்டும்."

"பாய் டீ ஆத்திட்டுப் பாக்குறதுக்குள்ள நான் வேதாரண்யமே போயிருவேன்!"

"போயிட்டு வாங்க. வந்ததும் சொல்றேன்."

"அட, கைய எறக்க விடுங்கப்பா. வலிக்கிது" என்பார் பாய்.

என் வீடு நிலையத்துக்குப் பின்னால். மார்கழி விடியலில் சம்பா வயல்களின் பனி அப்படியே எழுந்து நிலையத்துக்குள் வந்துவிடும். பேருந்துகள் படகுகள் மாதிரி, விளக்கு முதலில், உடம்பு பிறகு. அந்த வெண்மைக்குள்ளிருந்து அவர் குரல் வரும். பட்டுக்கோட்டை. மன்னார்குடி. வேதாரண்யம். நான் பாதித் தூக்கத்தில் கேட்பேன். வாய்க்கால் கரையோடு ஒருவர் நடந்துகொண்டே ஊர்களை ஒவ்வொன்றாக எழுப்பிவிடுவது போலிருக்கும். என் கணவர் போனபிறகு அந்த வீட்டில் எது நிஜம், எது நினைப்பு என்று எனக்கே சில காலைகளில் தெளிவாகத் தெரியாது. ஆனால் அந்தக் குரல் ஒரு பேருந்து வந்தது என்று சொன்னால் அது வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பேன்.

அப்படி ஒரு பனிக் காலையில்தான் அந்தப் பேருந்து வந்தது. மெதுவாகத் திரும்பி, அறிவிப்பு அறைக்கு நேர் எதிரே நின்றது. பலகையில் அவருடைய சொந்தக் கிராமத்தின் பெயர். முன் சன்னலில் அவர் அண்ணன். தோளில் துண்டு; துண்டில் ஈரச் சேறு. வைரக்கண்ணு பாயைப் பார்த்தார். பாயின் கை எழவில்லை. மறுபடி பேருந்தைப் பார்த்தார், நின்றுகொண்டுதான் இருந்தது. மறுபடி பாயைப் பார்த்தார். பாய் தலையை அசைத்தார்: இல்லை.

மைக்கைத் திறக்காமல் என் வீட்டுக்கு வந்தார்.

"அம்மா, இன்னிக்கு எனக்குச் சரியில்ல. ஒரு பஸ்ஸு வந்துச்சு. பாய் கை தூக்கல."

"அதில் யாராவது இருந்தாங்களா?"

"அண்ணன் இருந்தாரும்மா."

"ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல. காத்துக்கிட்டு இருந்தாரு. நான் மைக்குல சொன்னாத்தானே எறங்குவாரு?" என் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போடுங்கம்மா."

எண்ணிப் பாருங்கள்! தான் கொன்ற அண்ணன் உயிரோடு வந்து சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். ஒரு வார்த்தை சொன்னால் இறங்கிவிடுவான். அந்த வார்த்தையைச் சொல்லாமலிருக்க எவ்வளவு வலிமை வேண்டும்! நம்மில் யாருக்கு அது இருக்கிறது? மருந்து மாற்றிக்கொண்டு, தேறி, திரும்பி வந்தார் வைரக்கண்ணு. அவர் இல்லாத நாள்களிலும் பேருந்து வரும்போதெல்லாம் பாயின் கை தானாக எழுந்து இறங்கியதாகப் பூக்கடையில் சொன்னார்கள்.

போன வாரம் வைரக்கண்ணு தூக்கத்திலேயே போய்விட்டார். அன்று காலை முதல் பேருந்தை அறிவித்தது யார்? அதே இல்லத்தைச் சேர்ந்த கயல்விழி. வைரக்கண்ணுவின் ஓய்வு நாள்களில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். செய்தி கேட்டும் வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயைப் பார்த்தார். பாயும் அழுதுகொண்டே கையைத் தூக்கினார். கயல்விழி மைக்கைத் திறந்தார். ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றும் முழுதாக வந்தன.

மறுநாள் அறைக்குப் பூட்டு. அறை சங்கத்துடையது, பூட்டும் உரிமை சங்கத்துக்கு உண்டு. காரணம் என்ன என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு கடைக்குத் தீ வச்ச பொண்ணும்மா. பக்கத்துலயே துணிக்கடை இருக்கு. பயப்படுறாங்க" என்றார் தலைவர்.

உண்மை. நோயில் ஒரு கடைக்குத் தீ வைத்தார். தண்டனையும் அனுபவித்தார். இன்று இல்லத்தில் எல்லோருக்கும் சோறு பொங்குகிறவர் அவர்தான். அடுப்பும் தீப்பெட்டியும் அவர் கையில்தான் இருக்கின்றன. நோய் திரும்பவே திரும்பாது என்று நான் உறுதி தரமாட்டேன், டாக்டரும் தரமாட்டார். திரும்பினால் என்ன செய்வது என்பதை வைரக்கண்ணு நமக்குச் செய்து காட்டியிருக்கிறார். தலைவர் அவர்களே, அந்தத் தீ இப்போது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. பக்கத்தில் நிற்பவரைக் கேட்டீர்களா? பாய் கை தூக்கினாரா? வராத தீயை வந்துவிட்டதாக அறிவிக்காதீர்கள்.

பதிவுசெய்த குரலை இயந்திரத்தில் போடலாம் என்கிறீர்கள். இயந்திரம் கடிகாரத்தைப் பார்த்துப் பேசும். பேருந்து வழியில் பழுதாகி நின்றாலும் வந்துவிட்டது என்று சொல்லும். இந்த நிலையத்துக்கு அந்தப் பொய் பழக்கமில்லை.

வைரக்கண்ணு அவர்களே, உரிமம் என் பெயரில் இருக்கும்வரை, எதிரே ஒரு முறை பார்த்துவிட்டுப் பேசுகிறவரைத் தவிர வேறு யாரையும் அந்த மைக்கின் முன் உட்கார வைக்கமாட்டேன். இதை இத்தனை பேர் முன்னிலையில் சொல்கிறேன்.

தலைவர் அவர்களே, நேற்று கேட்டபோது "பாக்கலாம்மா" என்றீர்கள். அது பதில் ஆகாது. கயல்விழி அந்த அறையில் வேலை பார்க்கலாமா, கூடாதா? கூடாது என்றால் என்ன காரணம்? இதையே எழுதிய என் கடிதத்தை இதோ உங்கள் கையில் தருகிறேன். வரும் திங்கட்கிழமைக்குள் எழுத்தில் பதில் அனுப்புங்கள்.